இருபது பேர் எழுதும் தேர்வு

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான சில மணி நேரத்துக்குள் தமிழகத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எண் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மே மாதம் வரை அந்தப் பள்ளியின் பெயரோடு அந்த எண்ணும் சேர்ந்தே உச்சரிக்கப்படும். நூறு சதவீதம் வாங்கிய பள்ளியின் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் ஏறும். தலைமை ஆசிரியருக்கு மாவட்ட விழாவில் சான்றிதழ் கிடைக்கும். எண்பதுக்கு இறங்கிய பள்ளியின் தலைமை ஆசிரியர், சரிவுக்கான காரணத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஆய்வுக் கூட்டத்துக்குப் போவார். அந்த எண் எதை அளக்கிறது என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்புவதில்லை. சிற்றூர்களில் இருக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை, அது கற்றலை அளக்கவில்லை என்பதே என் முடிவு.

முதலில் எந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள் இருப்பது உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் அந்த ஊரின் நடுநிலைப் பள்ளியாக இருந்து பிறகு தரம் உயர்த்தப்பட்டது. பல ஊர்களில் மக்களே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அரசுக்குக் கட்ட வேண்டிய பங்களிப்புத் தொகையைக் கட்டி, இடமும் ஒதுக்கித் தந்து இந்தப் பள்ளிகளைப் பெற்றார்கள். இடைநிலைக் கல்விக்கான தேசியத் திட்டம் 2009-இல் தொடங்கியபோது, ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கு நாடு முழுவதற்கும் வந்தது. அதன் பயனாகப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருக்கக்கூடிய ஏராளமான பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தொட்டார்கள். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசவே முடியாது. ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பள்ளி என்றால் பல பள்ளிகள் சிறியவையாகத்தான் இருக்கும். மொத்தம் நூறு, நூற்றைம்பது பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் இருபது பேர், சில ஆண்டுகளில் அதற்கும் கீழே.

இருபது பேர் எழுதும் இடத்தில் ஒருவர் தவறினால் ஐந்து சதவீதம் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். இதன் முழு விளைவு என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஒரு பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான அனுமானம் அல்ல. 2024-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90 சதவீதம். அந்தப் பள்ளியில் இருபது பேரும் தேறுவதற்கான நிகழ்தகவு சுமார் 12 சதவீதம். நான்கு பேரோ அதற்கு மேலோ தவறி, தேர்ச்சி எண்பது அல்லது அதற்குக் கீழே போவதற்கான நிகழ்தகவு சுமார் 13 சதவீதம். அதாவது ஆசிரியர்களும் மாறாமல், பாடம் நடத்தும் முறையும் மாறாமல், வரும் பிள்ளைகளின் தரமும் மாறாமல் இருந்தாலும், ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பள்ளி நூறு வாங்கும். கிட்டத்தட்ட அதே அளவுக்கு எண்பதுக்கோ அதற்கும் கீழேயோ விழும். இருநூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில், அதே வாய்ப்போடு, இரண்டும் நடக்காது என்றே சொல்லிவிடலாம். அங்கே தேர்ச்சி எண்பதுக்கு வந்தால் ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது என்று பொருள். சிற்றூர்ப் பள்ளியில் எண்பதுக்கு வந்தால், அந்த ஒரு ஆண்டின் எண்ணை வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

இந்தக் கணிதம் புதியதல்ல. சிறிய கூட்டத்தின் சராசரி பெரிய கூட்டத்தின் சராசரியைவிட அதிகமாக ஊசலாடும் என்பதை ஆபிரகாம் தெ முவாவ்ர் 1730-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். அதை மறந்ததால் நேர்ந்த பெரும் தவறு ஒன்று அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தது. அங்கே மதிப்பெண் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்து, பள்ளி சிறியதாக இருப்பதே நல்லது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். கேட்ஸ் அறக்கட்டளை ஏறக்குறைய 170 கோடி டாலர் செலவிட்டு, பெரிய பள்ளிகளைப் பிரிப்பது உள்ளிட்ட வழிகளில் சிறிய பள்ளிகளை உருவாக்க உதவியது. புள்ளியியலாளர் ஹோவர்டு வெய்னரும் ஹாரிஸ் ஸ்வெர்லிங்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். முதல் 50 இடங்களில் ஆறு மிகச் சிறிய பள்ளிகள் இருந்தன. அவற்றின் எண்ணிக்கைக்கு எதிர்பார்க்கக்கூடியதைப் போல இது நான்கு மடங்கு. ஆனால் பட்டியலின் அடியைப் பார்த்தபோது அங்கேயும் சிறிய பள்ளிகளே மிகுந்திருந்தன. உச்சியை மட்டும் பார்த்தவர்கள் சிறியது நல்லது என்றார்கள். அடியை மட்டும் பார்த்திருந்தால் சிறியது கெட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

நம் ஆய்வுக் கூட்டங்களில் இந்த இரண்டும் ஒரே மேடையில் நடக்கின்றன. நூறு வாங்கிய சிறு பள்ளிக்குக் கைதட்டல். எழுபத்தைந்து வாங்கிய சிறு பள்ளிக்கு விளக்கம் கேட்கும் கடிதம். அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறியிருக்கக்கூடும். கைதட்டல் வாங்கிய பள்ளி அசட்டையாகிவிட்டது என்றும், கடிதம் வாங்கிய பள்ளி கண்டிப்பால் திருந்தியது என்றும் எல்லோரும் நம்புவார்கள். கண்டிப்பே பலன் தருகிறது என்ற நம்பிக்கை நிர்வாகத்தில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழக அரசு 2017-இல் பொதுத் தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிள்ளைகளை அந்த ஓட்டப் பந்தயத்திலிருந்து விடுவித்த அருமையான முடிவு அது. ஆனால் மாவட்டங்களின் தரவரிசை தொடர்கிறது. 2024-இல் அரியலூர் முதலிடம், 2025-இல் சிவகங்கை முதலிடம் என்று செய்தி வருகிறது. மாவட்டத்துக்கு வந்த அந்த வரிசை முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகத் தலைமை ஆசிரியருக்கும், அவர் வழியாகக் கணக்கு ஆசிரியருக்கும், கடைசியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பையனுக்கும் வந்து சேர்கிறது. ‘நீ ஒருத்தன் பாஸாயிட்டா நாம செண்டம்டா’ என்று அவனிடம் சொல்லப்படுகிறது.

அவனை எப்படித் தேற வைக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளுக்கு நூறு மதிப்பெண், தேற 35 வேண்டும். தாளின் கடைசிப் பகுதியில் இரண்டு எட்டு மதிப்பெண் கேள்விகள். ஒன்று வடிவியல்: வடிவொத்த முக்கோணமோ, வட்டத்துக்குத் தொடுகோடோ வரைய வேண்டும். இன்னொன்று வரைபடம். ஜனவரியிலிருந்து மாலை வகுப்பில் தினமும் இவற்றை வரைய வைத்தால், எந்த ஆரத்தை எங்கே வைப்பது என்பது கைக்குப் பழகிவிடும். பதினாறு மதிப்பெண் வந்தாயிற்று. ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கு. ‘புக் பேக்’ என்று எல்லோரும் சொல்லும் பாடப் பின்பகுதிக் கேள்விகளின் விடைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் எட்டோ பத்தோ கிடைக்கும். ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற முதல் பாடத்திலிருந்து கார்டீசியன் பெருக்கல், அம்புக்குறிப் படம் என்று இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று, நான்கு. முப்பத்து நான்கு வந்துவிட்டது. புள்ளியியல் பாடத்தில் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கின் அட்டவணையைப் போட்டு வைத்தால்கூடப் போதும், பாதி மதிப்பெண்ணாவது விழும். பையன் கரையேறிவிட்டான்.

இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. மாலை ஆறு மணி வரை பள்ளியில் இருந்து, கைக்காசில் சுண்டல் வாங்கிக் கொடுத்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விட்டுவருகிறவர்கள் அவர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பும் இல்லை, பாலிடெக்னிக்கும் இல்லை என்பது தெரிந்துதான் அந்த 35-ஐத் திரட்டித் தருகிறார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரியுமா என்ற கேள்வியை அந்தத் தாள் கேட்கவே இல்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள். 26 மாநிலங்களின் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் 2023-இல் நடத்தப்பட்ட ‘ஏசர்’ ஆய்வில், அந்த வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம்தான். ஏறக்குறைய நான்கில் ஒருவரால் தம் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையில்லாமல் வாசிக்க முடியவில்லை. இது நாடு தழுவிய கணக்கு. ஆனால் நம் கிராமப்புற ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இருப்பதை எந்தத் தமிழாசிரியரும் மறுக்க மாட்டார்.

தேர்ச்சி எண் கற்றலை அறியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. 2025-இல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 2020-21 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டியவர்கள். கொரோனாத் தொற்றுக் காலமான அந்த ஆண்டு முழுவதும் ஆறாம் வகுப்பு நேரில் நடக்கவே இல்லை. ஏழாம் வகுப்பிலும் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த ஒன்றரை ஆண்டு வெறும் பள்ளம். ஆனால் 2025-இன் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டைவிட இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் அதிகம். ஒரு தலைமுறையே பள்ளியைவிட்டு விலகி இருந்ததன் சுவடு அந்த எண்ணில் தெரியவில்லை.

இனி, பள்ளிக்கு உள்ளே. ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் நல்ல காலத்து நிலை இது. ஒரு பாடத்துக்கு வாரம் ஏழு பாடவேளை என்று வைத்தால் ஓர் ஆசிரியருக்கு முப்பத்தைந்து. வாரத்தின் மொத்தமே நாற்பது. மீதி ஐந்தில்தான் நோட்டுத் திருத்த வேண்டும், கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். அறிவியலுக்கும் ஒருவர்தான். தாவரவியல் படித்து வந்தவர் பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியலும் நடத்துவார். இயற்பியல் படித்தவர் மரபியலும் நடத்துவார். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனாலோ, மாற்றுப் பணியாக வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டாலோ அந்தப் பாடம் அந்தப் பள்ளியில் நின்றுவிடும். பெரிய பள்ளியில் மூன்று கணக்கு ஆசிரியர்களில் ஒருவர் இல்லையென்றால் மற்ற இருவர் தாங்கிக்கொள்வார்கள். இங்கே தாங்குவதற்கு ஆள் இல்லை.

ஆசிரியர் எண்ணிக்கையை முடிவு செய்யும் முறையும் இந்தப் பள்ளிகளுக்கு ஒத்துவரவில்லை. 1997-இல் வந்த 525-ஆம் எண் அரசாணை முதல், நாற்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமே பேச்சின் அடிப்படை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி தலை எண்ணப்படுகிறது. கூடுதல் என்று கணக்கு சொன்னால் பணி நிரவலில் ஆசிரியர் வேறிடம் போகிறார். தலைக்கணக்கு விகிதம் பெரிய பள்ளிக்கு நியாயமானது. நூற்றிருபது பிள்ளைகள் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று ஆசிரியர் போதும் என்று விகிதம் சொன்னாலும், ஐந்து பாடங்களை மூன்று பாடங்களாக்க முடியாது. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ள 2022-இல் அரசு அனுமதித்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாத ஊதியம் 10,000 ரூபாய் என்றது; பிறகுதான் அது உயர்ந்தது. நகரத்தில் டியூஷன் எடுத்தாலே அதைவிடக் கிடைக்கும். பஸ் வசதியற்ற ஊருக்கு அந்தத் தொகைக்கு யார் வருவார்கள்?

பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் சேர்மானமும் மாறிவிட்டது. காலை எட்டு மணிக்கு எந்தச் சிற்றூரின் முக்கிலும் நின்று பார்க்கலாம். மஞ்சள் நிற வேன்கள் வந்து, கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் தொடக்க வகுப்பிலேயே தனியார் பள்ளிக்கு அழைத்துப்போகிறது. ஊரில் செல்வாக்குள்ள சாதியினரின் பிள்ளைகள் வேனில் போய்விட, ஊர்ப் பள்ளி ‘காலனிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி’ என்று பெயர் வாங்கிய இடங்கள் உண்டு. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு பள்ளிக்காகப் பேச ஊரில் பலம் உள்ளவர் யாரும் இருப்பதில்லை. மிஞ்சியிருக்கும் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் திருப்பூரிலோ செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ இருப்பார்கள். வீட்டில் பாட்டி மட்டும். தை முதல் சித்திரை வரை வேலை இருக்கும் காலம்தான் பொதுத் தேர்வுக் காலமும். அறுவடை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பையன் பாதி ஆள் கூலிக்குப் போய்வருவது, ஆசிரியருக்கும் தெரிந்து நடப்பதே. ஒரு சிறு பள்ளியில் இப்படி இருவர் மார்ச் மாதத்தில் காணாமல் போனால் பத்து சதவீதம்.

அந்தப் பத்து சதவீதமும் முடிவில் தெரியாது. ஏனெனில் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டும் கீழே வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தாளுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே அதிர வைத்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்து, எப்போதோ பள்ளியைவிட்டு நின்றுவிட்டவர்கள் அவர்களில் பலர். அன்று ஏற்பட்ட அதிர்ச்சி நியாயமானது. ஆனால் அந்த ஆண்டின் தேர்ச்சி விகிதத்தில் அவர்களுக்கு இடமில்லை. வராதவர் தோற்றவராகக்கூட எண்ணப்படுவதில்லை. இதில் ஒரு கொடிய ஊக்கமும் ஒளிந்திருக்கிறது. தேறமாட்டான் என்று தெரிந்த பிள்ளை எழுதாமல் இருந்தால் பள்ளிக்கு லாபம். அந்தப் பிள்ளையைத் தேடிப்போய்க் கூட்டிவந்து எழுத வைக்கும் ஆசிரியர், தன் பள்ளியின் எண்ணைத் தானே கெடுத்துக்கொள்கிறார். அப்படிக் கெடுத்துக்கொண்டவர்களே நம் மரியாதைக்கு உரியவர்கள்.

என்ன செய்யலாம்? சிறு பள்ளியின் ஒரே ஆண்டு எண்ணை வைத்துப் பாராட்டுவதையும் கண்டிப்பதையும் நிறுத்துவது முதல் வேலை. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். ஊசலாட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் இதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பிள்ளையும் வந்த இடத்துக்கும் போன இடத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பது. ஆறாம் வகுப்பில் சேரும்போது வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் நாளிதழ் வாசிக்கிறது என்றால், அது அந்தப் பள்ளியின் உண்மையான வெற்றி. இப்படி அளக்க முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டதையும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது என்பதையும் அவர்களால் சொல்ல முடிந்தது. ஊரில் படித்த பெண்கள் தன்னார்வலர்களாகத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த வகுப்புகள் அவை. அந்த ஆய்வு சிறு குழந்தைகளைப் பற்றியது. உயர்நிலை வகுப்புகளுக்கு அப்படியொரு தொடர் அளவீடு தேவை.

ஆறு முதல் ஒன்பது வரையுள்ள பிள்ளைகளின் அடிப்படைத் திறனைச் சோதித்து, பின்தங்கியவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் தனிப் பயிற்சி தரும் ‘திறன்’ இயக்கத்தை அரசு 2025-26 கல்வியாண்டில் தொடங்கியிருக்கிறது. நோய் எங்கே என்று சரியாகத் தொட்டிருக்கும் முயற்சி இது. பத்தாம் வகுப்பு ஜனவரியில் தொடங்கும் மாலை வகுப்பைவிட, ஏழாம் வகுப்பு ஜூலையில் தொடங்கும் வாசிப்பு ஆயிரம் மடங்கு மேல். ஆனால் முப்பத்தைந்து பாடவேளை எடுக்கும் ஆசிரியர் இந்தப் பிள்ளைகளைத் தனியாக எந்த நேரத்தில் உட்காரவைப்பார்? பதிவேட்டில் வகுப்பு நடக்கும், அறையில் நடக்காது. சிறு உயர்நிலைப் பள்ளிகளுக்கு, மாணவர் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், பாடத்துக்கு ஒருவர், அவர்களோடு அடிப்படைத் திறனுக்கென்று கூடுதலாக ஒருவர் என்று பணியிடத்தை நிலையாக்காதவரை எந்த இயக்கமும் இங்கே வேர் பிடிக்காது. செலவு ஆகும். ஆனால் அந்த ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் வேறு பள்ளி இல்லை என்பதை நினைத்தால், அந்தச் செலவைச் சலுகையாகப் பார்க்க முடியாது.

பத்துக்குப் பிறகு என்ன ஆகிறார்கள் என்பதையும் பள்ளியின் கணக்கில் சேர்க்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் அல்லது அதற்கும் அப்பால். இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதா வேண்டாமா என்ற முடிவு அதற்கு முன்பே, கோடை விடுமுறையில், வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சில் எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதை அந்தப் பேச்சின்போது எடுத்துச் சொல்ல ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பல ஊர்களில் வகுப்பாசிரியைதான் போகிறார். எந்தத் தேர்ச்சி விகிதத்திலும் அந்த நடை பதிவாவதில்லை.

இதை வாசிப்பவர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், ஊராட்சி உறுப்பினர்கள், முன்னாள் மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அடுத்த மே மாதம் முடிவு வந்ததும், பேனர் கட்டுவதற்கோ தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பதற்கோ முன்னால், இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எழுதாதவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்றும் கேளுங்கள். இதற்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் வருகைப் பதிவேடு போதும்.